முன் இடது

நோர்மனின் கெட்டித்தனத்தில் பாதி கெட்டித்தனம், மீதி நாடகம். வெள்ளைக்கார இராணுவம் இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டுப்போன ஜீப், லொறி ஆகியவற்றின் பழைய சாமான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்த வண்டியின் எந்த இடத்துச் சாமான், அசலா பின்னாளில் எவனோ வார்த்த போலியா என்று தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை கரவெட்டியிலிருந்து வந்த ஒருவர் வம்புக்குத் தேங்காய் துருவும் இயந்திரத்தின் துண்டொன்றை இடையில் சேர்த்துக் கொடுத்தார். அதையும் சொல்லிவிட்டார் மனுசன். கொழும்பிலிருந்துகூட இப்போது படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். எழுபத்தொரு வயதில் இவ்வளவு புகழ் கிடைத்தால் யாருக்குத்தான் தலை நேராக நிற்கும்?

அந்த வியாழக்கிழமைக் காலையில் சாவகச்சேரியில் இருந்த அவருடைய கராச்சுக்கு ஜெயனி வந்தாள். ஜொனதனின் மகள். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் ரின் இருந்தது. அவளைக் கண்டதும் நோர்மன் வழக்கம்போல முகத்தைத் திருப்பி, வேலையில் மும்முரமாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டார். அவளுடைய அப்பா இறந்து நாலு வருடமாகிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் யாரைக் கண்டாலும் அவர் அப்படித்தான்.

"அங்கிள், மலசலகூடத்துக்குக் குழி வெட்டேக்கை இது ஆப்பிட்டது," என்றாள் ஜெயனி. "இரண்டாயிரத்திலை இடம்பெயரேக்கை அப்பா தாட்டு வைச்சிருக்கிறார் போலை. கொழும்பிலை டிலக்ஷன் எண்டு ஒருத்தர் பழைய ஆமி ஜீப் ஒண்டைத் திருத்திறாராம். படம் அனுப்பினன். ஆனா அவருக்குச் சந்தேகம். நோர்மன் ஐயாட்டைக் காட்டுங்கோ, அவர் சொன்னால் சரி எண்டார்."

புகழ்ச்சி காதில் விழுந்ததும் முகம் தானாக அவள் பக்கம் திரும்பியது. நோர்மன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

ரயர் ரியூப்பில் சுற்றிவைத்திருந்ததை ஜெயனி பிரித்துக் கொடுக்க, கிறீஸ் தடவிய பாரமான இரும்பொன்று கைக்கு வந்தது. சட்டி போல உருண்டை. அதன் முகத்தில் ஐந்து ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஹப்," என்றார். "ஜீப்பின்ரை சில்லை இதிலைதான் கொளுவுறது. இந்த அஞ்சு ஆணியிலையும் அஞ்சு நட். அசல் சாமான், பிள்ளை. நாப்பத்திமூண்டாம் ஆண்டு." பெருவிரல் ஆணிகளின் மரையில் ஓடியது. "வலப்பக்கத்துச் சாமான்."

"அதுதான் அங்கிள் சந்தேகம். அப்பா துண்டிலை இடது எண்டு எழுதிக் கட்டியிருக்கிறார்."

இதற்கிடையில் பெருவிரல் ஹப்பின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அங்கே அரத்தால் மூன்று இடத்தில் ராவிய தடம் இருந்தது. சாய்வாக, அவசரமாக, ஒன்று மற்றதைவிட ஆழமாக. அப்படி ராவுகிற கை தென்மராட்சி முழுவதிலும் ஒன்றுதான். நோர்மன் கண்ணைத் திறந்தார். தன்னுடைய கையைத்தான் முதலில் பார்த்தார்.

கம்பியில் கட்டியிருந்த தகரத் துண்டில் ஜொனதனின் குண்டுக் குண்டு எழுத்து. முன் இடது. கீழே தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் திகதி ஒன்று.

அந்த ஜீப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வலப்பக்கச் சில்லுகளின் நட், ஊரில் உள்ள எல்லா நட்டையும் போல, வலப்புறம் திருகினால் இறுகும். இடப்பக்கச் சில்லுகளுக்கு எல்லாம் தலைகீழ். இடப்புறம் திருகினால்தான் இறுகும். ஓட்டத்தில் தானாகக் கழன்று போகாமல் இருக்க அப்படிச் செய்தார்களாம். அதனால் இடப்பக்க ஆணிகளின் தலையில் எல் என்ற எழுத்தை அடித்து வைத்திருப்பார்கள். இந்த ஹப்பின் ஆணிகளில் அந்த எழுத்து இல்லை.

தொண்ணூற்றிரண்டில் தேவாலயத்துக்கு ஒரு ஜீப் இருந்தது. சாரதி ஜொனதன், மெக்கானிக் நோர்மன். பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரத்துக்கே வழியில்லை, ஜீப் சாமானுக்கு எங்கே போவது? முன் இடது ஹப் வெடித்துவிட்டது. நோர்மன் ஊரெல்லாம் தேடி, ஒரு வளவில் உக்கிக் கிடந்த ஜீப்பிலிருந்து வலப்பக்க ஹப்பைக் கழற்றி வந்து, ராவிச் சரிக்கட்டி இடப்பக்கம் பூட்டினார். அதில் குற்றமில்லை. அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் ஓடினார்கள். சாரதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'ஜொனதன், முன் இடது மட்டும் இனி மற்றப்பக்கம் திருகோணும்.'

சொல்லவில்லை. ஏனென்றால் போதகரிடமும் சபையாரிடமும், அசல் இடப்பக்கச் சாமானையே தேடிப் பிடித்துவிட்டதாக நோர்மன் ஏற்கெனவே பீற்றியிருந்தார். கைதட்டாத குறையாக எல்லாரும் மெச்சியுமிருந்தார்கள்.

ஜொனதனோ பொறுப்பான சாரதி. காலையில் வண்டியை எடுக்க முன்னர் எல்லா நட்டிலும் ஸ்பனரைப் போட்டு ஒரு இழுவை இழுப்பார். வலப்பக்கம் வலப்புறமாக, இடப்பக்கம் இடப்புறமாக. அந்தக் காலையும் இழுத்தார். முன் இடது நட் ஐந்தும் கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கும். நேற்றுச் சரியாக இறுகவில்லைப் போலும் என்று இன்னும் பலமாக இழுத்திருப்பார். கைதடி வளைவில் சில்லு தனியே ஓட, ஜீப் வயலுக்குள் புரண்டது. ஞாயிறு பாடசாலை ஆசிரியை நிமலினிக்குக் கால் இரண்டிடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அவர் ஊன்றுகோலோடுதான் தேவாலயத்துக்கு வருகிறார்.

தேவாலய விறாந்தையில் விசாரித்தார்கள். "அஞ்சு நட்டும் இறுக்கினனான் ஐயா, கர்த்தர் அறிய இறுக்கினனான்," என்று ஜொனதன் திரும்பத் திரும்பச் சொன்னார். போதகர் மெக்கானிக்கைப் பார்த்தார். நோர்மனுக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. வயலுக்குள் சில்லைக் கண்ட கணத்திலேயே விளங்கிவிட்டிருந்தது.

"நட் இறுகியிருக்கேல்லை, போதகர். அதுதான் கழண்டது."

பொய் என்று சொல்ல முடியாது. அதைவிடக் கேவலமான ஒன்று. ஜொனதனுக்கு வேலை போயிற்று. தேவாலயத்தில் இரண்டாம் வரிசை வாங்கில் உட்கார்ந்து வந்தவர் அடுத்த ஞாயிறு கடைசி வாங்குக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் இருந்தார். நோர்மன் முன்வாங்கில் இருந்து எழுந்து, காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு அந்தக் கடைசி வாங்கு வரைக்கும் ஞாயிறுதோறும் நடந்தார்.

இதைவிடப் பெரிய கூத்து, நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறப்பு நாளன்று, ஜொனதன் கேக்கோடு நோர்மன் வீட்டுக்கு வருவார். தானே கொண்டு வருவார். நோர்மன் வாசலில் வைத்தே வாங்கி, "கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்," என்று கதவைச் சாத்திவிடுவார். உள்ளே கூப்பிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டி வருமே. இருபத்தேழு நத்தார். கேக்கை மட்டும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"அங்கிள்?" என்றாள் ஜெயனி. "என்ன யோசிக்கிறியள்?"

"இது... உக்கின இரும்பு, பிள்ளை. அசல் மாதிரித்தான் இருந்தது, ஆனா..." நோர்மன் ஹப்பை நிலத்தில் வைக்கப் போனார். "உதை விட்டிட்டுப் போ. நான் பழைய இரும்போடை போட்டுவிடுறன்."

சொன்ன பிறகு அவருக்கே தன் வாயை நம்ப முடியவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் முதலில் வந்தது அதுதான்.

ஜெயனி ஒரு மாதிரிச் சிரித்தாள். "நான் டிலக்ஷனுக்கு அப்பவே சொன்னனான். அப்பா பிழையா எழுதியிருப்பார், அவர் எதிலையும் கவனமில்லாத மனுசன் எண்டு." அவள் குனிந்து ரின்னை மூடப் போனாள். "நிமலினி ரீச்சர் நடந்து போறதைக் கண்டால் இப்பவும் நான் ஒழுங்கையாலை திரும்பிவிடுவன் அங்கிள். வெக்கமா இருக்கும்."

அந்த வெட்கம் தன்னுடையது. முப்பது வருடமாக அதை இந்தப் பிள்ளை சுமக்கிறாள். நிலத்தில் வைக்கப் போன ஹப்பை நோர்மன் மறுபடி திருப்பினார். அப்போதுதான் அவர் கவனித்தார்: ஐந்து ஆணியில் ஒன்றின் அடியில், கிறீஸுக்குள் மறைந்து, ஒரு நட் கொளுவியிருந்தது. வலப்புறமாகத் திருகி, கையால் இறுக்கியிருந்தது. ஜொனதன் புரண்ட ஜீப்பிலிருந்து இதைக் கழற்றி எடுத்துவந்து, ஒரு நட்டைப் போட்டுத் திருகிப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேக்கோடு வந்திருக்கிறார்.

"பொறு பிள்ளை," என்றார் நோர்மன். "உன்ரை அப்பா சரியாத்தான் எழுதினவர். இது முன் இடதிலை இருந்த சாமான்தான். வலதை எடுத்து இடதிலை பூட்டினது நான். பூட்டிப்போட்டு அவருக்குச் சொல்லேல்லை. அவர் இறுக்கிறன் எண்டு நினைச்சு இழுக்க இழுக்க நட் கழண்டிருக்கு. பிழை என்ரை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

ஜெயனி ரின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். விளங்க நேரமெடுத்தது. விளங்கியபோது முகம் சிவந்து போயிற்று.

"அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"அப்பாவின்ரை செத்தவீட்டிலை நீங்கள்தானே ஜெபம் பண்ணினனீங்கள்." அவள் ரின் மூடியை நிலத்தில் போட்டாள். "ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை எழும்பிச் சொல்லோணும். நிமலினி ரீச்சரும் இருக்கேக்கை."

"சொல்லுறன்."

"அதுக்கு முதல் அம்மாட்டை வந்து சொல்லுங்கோ. இப்பவே."

நோர்மன் கராச்சைப் பூட்டாமலே போனார். ஜெயனி ஸ்கூட்டியை மெதுவாக ஓட்ட, அவர் பின்னால் சைக்கிளில் மிதித்தார். ஹப் அவருடைய கூடைக்குள் இருந்தது. சந்தைக்கு முன்னால் இரண்டு பேர் "என்ன நோர்மன் அண்ணை, புதுச் சாமானோ?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார்.

ஜொனதனின் மனைவி யோசப்பின் வாசலில் இருந்து சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நோர்மன் முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, பீற்றியதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லி முடிந்ததும், திட்டினால் நல்லது என்று இருந்தது.

யோசப்பின் திட்டவில்லை. அரிசிக்குள் அகப்பட்ட கல்லொன்றை எடுத்து முற்றத்தில் எறிந்தார்.

"ஒவ்வொரு நத்தாரும் உங்கடை வீட்டிலை இருந்து வந்து, 'இந்த முறையும் உள்ளுக்குக் கூப்பிடேல்லை யோசப்பின்' எண்டுவார்," என்றார். "ஏன் அதைச் சொல்லுறார் எண்டு எனக்குத் தெரியாது, அண்ணை. நான் கேக்கிலைதான் ஏதோ குறை எண்டு நினைச்சு, அடுத்த வருஷம் பிளம்ஸ் கூடப் போடுவன்."

நோர்மன் சைக்கிள் கூடையிலிருந்த ஹப்பை எடுத்துப் படியருகில் வைத்தார்.

யோசப்பின் சுளகை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுந்து, கதவை அகலத் திறந்தார்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றார்.

ஒரு படிதான். நோர்மனால் ஏற முடியவில்லை.