மூன்றாவது சிலிண்டரில் ஒரு கசிவு

மூன்று முறை செம்பு வாஷரை மாற்றியாயிற்று. மூன்று முறையும் அதே இடம்தான். மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் கழுத்தில் தார் போன்ற ஈரம் ஊறும், பிறகு அதில் சின்னக் குமிழ்கள் கொதிக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது 'சுக் சுக்' என்று யாரோ மூச்சிரைப்பது போலக் கேட்கும். மற்ற ஐந்து சிலிண்டர்களும் காய்ந்து கிடந்தன.

கிஹோ கையிலிருந்த ஸ்பேனரை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். மணி பதினொன்று.

தென்கொரியாவின் சம்சொன்போ துறையில் நெத்திலி பிடிக்க இருந்த தடைக்கு அன்றுதான் கடைசி நாள். நெத்திலிக்கு இரண்டு படகுகள் ஜோடி சேர்ந்து ஒரே வலையை இழுக்க வேண்டும். ஒன்று படுத்தால் மற்றதும் கரையில்தான். இந்தப் படகின் ஜோடிக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்: நாலு மணிக்குள் என்ஜின் சரியாகாவிட்டால் வேறு படகோடு சேர்ந்துகொள்வாராம், இந்தப் பருவம் முழுக்க. கேப்டன் தோக்சு அதைக் கேட்டுவிட்டு வந்து, என்ஜின் அறை ஏணியில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. தடைக்காலத்தில் என்ஜினைப் பிரித்துக் கோத்தவன் கிஹோதானே.

இன்ஜெக்டர், என்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் துளைக்குள் இறங்கி நின்று எண்ணெய் பீய்ச்சும் ஊசிக்குழல். அதன் அடியில் காசளவு செம்பு வாஷர் ஒன்று உண்டு. செம்பு மென்மையானது. இறுக்கும்போது நசுங்கி, சின்ன மேடு பள்ளங்களை நிரப்பி, எரியும் வாயு மேலே வராமல் அடைக்கும். கிஹோவுக்கு இது மனப்பாடம். அடைக்க வேண்டியது ஏன் அடைக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

கசிவது எண்ணெயா வாயுவா என்று மறுபடியும் நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தான். எண்ணெய் என்றால் மேலே குழாய் மூட்டிலிருந்து வழியும், வாஷரை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. எல்லாக் கழுத்துகளையும் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவினான்.

"என்ன தம்பி, பவுடரெல்லாம் பூசுற," என்றார் தோக்சு. "இதைப் பொண்ணு பாக்க வராங்களா?"

"எங்க ஊதுதுன்னு பாக்கத்தாண்ணே."

ஓட்டினான். மேலிருந்து ஈரக்கோடு எதுவும் இறங்கவில்லை. மூன்றாவதைச் சுற்றி மட்டும் பவுடர் பறந்தது. வாயுதான். அடுத்து இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டர்களைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டான். கசிவு இன்ஜெக்டரோடு நகரவில்லை, மூன்றிலேயே நின்றது. அப்படியானால் இன்ஜெக்டரில் பழுதில்லை. பழுது துளையில்.

 வாஷர் உட்காரும் அடிப்பரப்பைப் பட்டறையில் கடைந்தவர்கள் கோணலாகக் கடைந்திருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. அவன் வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்போடு கடலில் எறிந்துவிட்டுத் திரும்பினான். பக்கத்தில் ஜோடிப் படகின் என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமே அவனுக்குக் குத்திக்காட்டுவது போலிருந்தது.

டார்ச்சை உள்ளே அடித்தான். கசிவில் படிந்த கரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்தாயிற்றே. கண்ணை நம்பாமல் மையை நம்பினான். புது வாஷரின் அடியில் நீல மையைப் பூசி, துளையில் இறக்கி, லேசாக இறுக்கி, வெளியே எடுத்தான். கால்வட்டத்தில் மட்டும் மை நசுங்கி அழிந்திருந்தது. அதன் இரு பக்கமும் எதுவும் தொடாமல் மை ஈரமாக மின்னியது.

கோணலாக இருந்தால் மை சிறிது சிறிதாக மங்கியிருக்கும், இப்படிச் சட்டென்று நின்றிருக்காது. உள்ளே ஏதோ ஒரு மேடு.

கம்பி ஒன்றை வளைத்து, முனையைத் தட்டையாக்கி, அந்தக் கால்வட்டத்தைச் சுரண்டினான். முதலில் வழுக்கியது. பிறகு நகத்தளவு செதில் ஒன்று பெயர்ந்தது. மேலே கருப்பு, அடியில் பழுப்பு. எச்சில் தொட்டு நசுக்கினான். பசை போல விரலில் ஒட்டியது. கரியாக இருந்தால் ஒட்டாது. பானையடியில் தீய்ந்த சோறுதான் இப்படி ஒட்டும்.

அந்நேரம் தோக்சுவின் மனைவி மல்சுன் கடற்பாசியில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் பொட்டலத்தோடு ஏணியில் இறங்கினாள்.

"அண்ணி," என்றான் கிஹோ, "இன்ஜெக்டரையெல்லாம் சரிபாக்க நான் பம்ப் கடைக்குப் போயிருந்த அன்னிக்கு, படகுப் பூசையில என்ஜினுக்கும் படையல் மது ஊத்துனீங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். "ஊத்தாம? நல்ல நாள் அன்னிக்குத்தான் இருந்துச்சு, அடுத்ததுக்கு பத்து நாள் ஆகும்னாங்க. படகோட தலைமாட்டுக்கு ஒரு கிண்ணம், சுக்கானுக்கு ஒரு கிண்ணம், என்ஜினுக்கு ரெண்டு. அதுதானே பாவம் உழைக்குது."

"இன்ஜெக்டர் இல்லாம ஆறு ஓட்டையும் திறந்து கிடந்துச்சே."

"துணி போட்டுத்தானே மூடியிருந்துச்சு," என்றார் தோக்சு, குரல் இறங்க.

மூன்றாவதன் மேலிருந்த துணி மக்கொல்லியைக் குடித்துத் துளைக்குள் சொட்டியிருக்கிறது. அந்த அரிசி மதுவின் அடியில் மாவுபோல் கசடு தங்கும். என்ஜின் பின்பக்கம் சற்றுச் சரிந்து நிற்பதால் கசடு ஒரு பக்கமாக ஒதுங்கிக் காய்ந்துவிட்டது. பம்ப் கடையிலிருந்து திரும்பிய அன்று படையல் பன்றிக்கறியை வயிறாரத் தின்றவன் கிஹோ. பிசுபிசுத்த என்ஜினின் வெளிப்புறத்தைத் துடைத்தவனும் அவன்தான். துளைக்குள் காற்றடித்தான், சுரண்டவில்லை. அதனால் யாரையும் திட்டும் தகுதி அவனுக்கு இல்லை.

"அப்ப சாமிதான் கசியுதுங்கிறியா?" என்றாள் மல்சுன்.

"சாமி குடிச்சிட்டுப் போயிருச்சு அண்ணி. மிச்சம் வச்ச சோறுதான் அடைச்சிட்டு நிக்குது."

தோக்சு காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். மணி இரண்டே கால்.

கிஹோ துளையின் அடியைச் சுரண்டும் வட்டக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதன் முனையில் கிரீஸ் தடவினான். தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். கையாலேயே மெதுவாகச் சுற்றி, எடுத்துத் துடைத்து, மறுபடி சுற்றினான், அடிப்பரப்பு முழு வட்டமாகப் பளபளக்கும் வரை. தப்பிய தூள் வெளியே பறக்க, இன்ஜெக்டர் இல்லாமலே என்ஜினை நாலு சுற்றுச் சுற்றவிட்டான். மை பூசிப் பார்த்தபோது வட்டம் முழுதும் ஒரே சீராக அழிந்தது. பிறகு ஒரே ஒரு புது வாஷரை வைத்து, இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, இரண்டு தவணையாக இறுக்கினான்.

கால்மணி நேரம் ஓட்டி, கழுத்தில் சோப்பு நீரை ஊற்றினான். ஒரு குமிழ்கூட எழவில்லை. மணி மூன்றரை; ஜோடிக்காரரிடம் சொல்லத் தோக்சு ஏணியேறிப் போனார். வாஷரில் குற்றமில்லை, அது உட்காரும் இடத்தில் கசடு இருந்தது. அதைச் சுரண்டியதும் கசிவு நின்றது.