கைப்பிடி இல்லாத கதவு

என் அறைக் கதவின் கைப்பிடியை, அண்ணன் மகள் கூட்டி வந்த மனிதர் கழற்றும்போது நான் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். கழற்றி ஒரு உறையில் போட்டு, மேலே என்னவோ எழுதினார். பழைய சாமான்களைச் சீர்செய்வதற்கென்றே படித்தவராம். ரொம்ப மரியாதையாகப் பேசினார். அப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அண்ணன் பத்திரிகைக்குக் கேலிப்படம் போட்டவன். படத்தில் வரைந்த கோமாளி எந்திரங்களை வீட்டிலும் செய்து வைப்பான். என் கதவும் அப்படித்தான். வெளியே கயிற்றை இழுத்தால் கோலிக்குண்டு குழாயில் உருண்டு, கரண்டியில் விழுந்து, கரண்டி சாய்ந்து, வாளி இறங்கி, கதவு திறக்கும். கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்துத்தான் விட்டானோ என்னவோ. மாட்டிக்கொண்டு முழிக்கிற குண்டன் இல்லாமல் அவன் ஒரு படமும் போட்டதில்லை. அந்தக் குண்டன் நான்தான். உள்பக்கக் கைப்பிடி நானே வாங்கிப் பொருத்தியது.

இப்போது அவன் இல்லை. வீடு அவன் மகள் பேரில். நினைவு இல்லம் ஆக்குகிறாள்.

"அப்பா வரைஞ்ச படத்துல கைப்பிடி இல்லையே, சித்தப்பா."

"உங்கப்பன் படத்துல எனக்குக் கழுத்துகூடத்தான் இல்ல. அதையும் கழட்டச் சொல்றியா?"

அவள் சிரிக்கவில்லை. "குரல் கொடுங்க, நான் வந்து இழுத்து விடறேன். அப்பா வச்சது வச்சபடி இருக்கணும். வேற என்ன இருக்கு எனக்கு?"

போக்கிடம் இல்லாதவன் கைப்பிடிக்காகச் சண்டை போட முடியாது.

திறப்பு நாளன்று காலையிலிருந்தே கூடத்தில் ஜனம். எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டினேன். கத்தினேன். வெளியே கைதட்டினார்கள்.

கோலி உருண்டது. கதவு திறந்தது.

"அடேங்கப்பா, அந்தக் குண்டனேதான்! அச்சு அசலா இருக்காரு!"

ஒரு காலை வெளியே வைத்தேன்.

"பெரியவரே, கொஞ்சம் உள்ளயே நில்லுங்க. இவர் ஃபோட்டோ எடுக்கறாரு" என்றாள் ஒருத்தி.

"வழி விடும்மா. ஒன்னுக்குப் போகணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் அண்ணன் மகள் நின்றிருந்தாள். அவன் செத்த பிறகு முதல்முறையாக, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு விரலைக் காட்டினாள், இன்னும் ஒரே ஒரு தடவை என்பதுபோல.

வாளி மேலே ஏறத் தொடங்கியது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கதவு மெல்ல வந்து மூடியது. அந்தப் பக்கம் யாரோ, "இப்ப நான், இப்ப நான்" என்றார்கள். கோலி குழாயில் இறங்கும் சத்தம் கேட்டது. தொடையை இறுக்கிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றேன்.