மூச்சு விட நேரமில்லை

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்பார்கள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாதிக் கிணறு. வைத்தவர் வீட்டுக்காரர். தையல் பழகினாள், சட்டைக்குக் கை வைக்குமுன் விட்டுவிட்டாள். கார் பழகினாள், பின்னால் எடுக்க மட்டும் வராது. "ஊர்ல எல்லாரும் பாதிக் கிணறு தாண்டுவாங்க, இவ பாதியிலயே பாய் விரிச்சுப் படுத்துருவா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் செல்போன் கேம் செய்யக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்ததைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. முடித்துவிட்டு சர்டிஃபிகேட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும், ஒரே ஒரு தடவையாவது. ஆனால் நேரம் என்ன மரத்திலா காய்க்கிறது? பஸ்ஸில் தொங்கியபடி பாடம் பார்த்தாள், துணி மடித்தபடி கேள்வி கேட்டாள். ஒரு நோயாளி சட்டையை மாட்டி அடுத்தவர் கழற்றுவதற்குள் கேமில் வரும் பொம்மைக்கு ஒரு கால் முளைக்கும். இன்னொரு கால் மறுநாள்தான்.

"மூச்சு விட நேரமில்ல சார்" என்று புலம்பினால், முகமே காட்டாத அந்த வாத்தியார் பழைய பல்லவியையே பாடுவார். "அதெல்லாம் சரிம்மா. முடிவு இல்லாத கேமுக்கு நான் சர்டிஃபிகேட் தரமாட்டேன்."

செய்த கேமை ஆன்லைனில் எல்லாருக்கும் காட்டவேண்டிய வகுப்பு அவள் வேலை நேரத்தில் வந்து தொலைத்தது. எக்ஸ்ரே அறைக்குள் போன் கூடாது என்பது பெரிய டாக்டரின் கட்டளை. அவள் போனை, கதிர் படாமல் தான் நிற்கும் ஈயத் தடுப்புக்குப் பின்னால், படம் எடுக்கும் பட்டன் பெட்டிமேல் சாய்த்து வைத்தாள்.

அப்போது உள்ளே வந்தவர் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். நெஞ்சு பீரோ அகலம். சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆத்மா. பலகையில் நெஞ்சைப் பதித்து நிற்கவைத்தாள்.

"அண்ணே, மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

பட்டனில் விரலை வைக்கப் போனபோது போன் பேசியது. "எக்ஸ்ரேம்மா, உங்க முறை. இப்ப விட்டா அடுத்த பேட்ச்தான்."

விரல் பட்டனை விட்டுவிட்டுப் போனுக்குப் போனது. கேமை எல்லாருக்கும் அனுப்பினாள். பொம்மை எக்ஸ்ரே பலகைமுன் நிற்கும். கொசு கடிக்கும், மூக்கில் தூசி ஏறும், ஆனாலும் அசையக்கூடாது. அசைந்தால் உயிர் போய்விடும். குரல் அவளுடையதேதான்: "மூச்ச இழுங்க... புடிங்க... அசையாதீங்க."

அந்தக் குரலுக்கு எத்தனையோ வருஷமாக யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்தது. வாத்தியாரும் பிடித்தார். யாரோ வீட்டில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கூட நிறுத்திக்கொண்டது. மூச்சைப் பிடித்தபடி அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொசு வந்தது. தூசி வந்தது. மறுபடி கொசு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'விடுங்க' என்பதை அவள் பதிவு செய்யவே இல்லை. குரல் பதிவு செய்த அன்றைக்குப் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள், எழுந்து போனாள், அதோடு சரி. இந்தக் கேமும் பாதிக் கிணறு.

அழுகை முட்டிக்கொண்டு வர, தலையைத் தூக்கினாள். தடுப்பிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ட்ரம்பெட்காரர் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தார். கண் பிதுங்கியது. ஆனால் மனிதர் விடவில்லை.

"ஐயோ! விடுங்க! மூச்ச விடுங்கண்ணே!"

அவர் விட்டார். உதடு துடிக்க, ட்ரம்பெட் இல்லாமலே ஒரு பெரிய 'பாம்ம்ம்' அறையை நிறைத்தது. போனுக்குள்ளிருந்தும் புயலடித்தது. வகுப்பே விட்டுக்கொண்டிருந்தது.

வாத்தியார் இருமிக்கொண்டே பேசினார். "போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும்மா! இப்படி ஒரு முடிவ நான் பாத்ததே இல்ல. ஆனா கேமுக்குள்ள எங்க தேடியும் காணோமே, எங்க வச்சிருக்கீங்க?"

"வாயில சார்" என்றாள், அழுதுகொண்டே.

"அத அப்படியே உள்ள போட்டு இப்பவே அனுப்புங்க. பாஸ்."

அந்த ஒரு வார்த்தையைப் பதிவு செய்து அனுப்பினாள். பிறகு தடுப்பைச் சுற்றி ஓடினாள்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. படம் இன்னும் எடுக்கவே இல்ல. பெரிய டாக்டர் கேட்டா இந்தப் போன் விஷயத்த மட்டும் மூச்சு விட்டுறாதீங்க."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். நெஞ்சு நிறைய இழுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, பலகையில் போய் ஒட்டி நின்றார்.

அவள் ஓடிவந்து பட்டனை அமுக்கினாள். "விடுங்கண்ணே" என்றாள். அன்றைக்கு அவள் முழுசாக முடித்த இரண்டாவது காரியம் அது.