அலசிக் கொடுத்த போன்

டிசம்பர் மாதம் புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் காலை ஆறு மணிக்கு மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். முதலில் விரல்கள் எரியும். பிறகு மரத்துப்போகும். மரத்த பிறகு இரும்புப் பிசிறு கிழித்தால்கூடத் தெரியாது. தொட்டியில் சிவப்பாக ஏதோ மிதப்பதைப் பார்த்த பிறகுதான் யார் கையில் காயம் என்று தேடுவார்கள். கையுறை வேண்டுமென்று அங்கே இரும்புச் சாமான் கழுவும் பெண்கள் மூன்று முறை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று கடிதங்களையும் பத்திரமாக ஃபைலில் கோத்து வைத்தவன் நான்.

என் பெயர் சின்னதுரை. அந்தப் பட்டறையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் ஐந்து நிமிடம் தாமதம் என்று எழுதுவது என் வேலை. நிரந்தர வேலை. மேசை, மின்விசிறி, பூட்டுப் போட்ட டிராயர் எல்லாம் உண்டு. முதுகெலும்பு மட்டும் அன்று மத்தியானம் வரை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

லேத்திலிருந்து வரும் பிரேக் சிலிண்டர்களைக் கழுவுவதற்கு நான்கு பெண்கள். சந்திரிகாவின் குடும்பம் வேலூர்ப் பக்கம், அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயில். ஜெபமணியக்கா நாசரேத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், கணவரை இழந்தவர். மல்லிகா ஒருத்தி. வைஷாலி மராத்திக்காரி. நால்வருக்கும் ஒரே சட்டம்தான்: டிராலியிலிருந்து எடுத்த எதையும் கழுவாமல் அடுத்த கைக்குக் கொடுக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் அலச வேண்டும், காற்றுக் குழாயால் ஊத வேண்டும், வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். ஒரே ஒரு சிலிண்டரில் எண்ணெய் விரல் பதிந்திருந்தாலும் சரக்கு வாங்குகிற ரஞ்சன்காவ் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்பியனுப்பிய நாளில் முதலாளி பேசிய பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்று காலை, முந்தின நாள் சாயங்காலமே நிரம்பி நின்ற டிராலியைச் சந்திரிகா காலி செய்துகொண்டிருந்தாள். அடியில் சிலிண்டர் இல்லாத ஒன்று கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் மொபைல் போன். கூலன்ட் எண்ணெயும் இரும்புத் தூளும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மின்னி மின்னி அணைந்தது. மொபைல் புதிதாக வந்த காலம் அது; பட்டறையில் அதை வைத்திருந்தது முதலாளி ஒருவர்தான்.

"ஐயோ, சாரோடதுக்கா!" என்று சந்திரிகா எழுந்தாள். "பாவம், தேடிகினு இருப்பாரு. ஓடிப்போய்க் குடுத்துட்டு வரேன்."

"ஏட்டி, நில்லு. இப்படியேவா கொண்டு குடுக்கப் போற?" என்றார் ஜெபமணியக்கா. "சட்டையில கறை பட்டுச்சுன்னா வைவாருல்லா. அலசிக் குடு."

அவள் அலசினாள். சும்மா அல்ல, ரஞ்சன்காவ் சரக்கைக் கழுவுகிற அதே அக்கறையோடு. பொத்தான்களுக்கு இடையில் பிரஷ் போட்டாள், காற்றுக் குழாயால் ஊதினாள், புதுத்துணி கிழித்துத் துடைத்தாள். பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. அழுக்குப் போனதால் அது அமைதியாகிவிட்டது என்று நினைத்தாளாம். பிறகு என்னிடம் அதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அந்த நால்வரில் ஒருவரும் அதுவரை ஒரு மொபைலைக் கையில் தொட்டதில்லை.

ஆறே முக்காலுக்கு அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, பாருங்க, சாரோட போனு. டிராலியில கெடந்துச்சு. பளபளன்னு சாப் பண்ணிட்டேன்."

மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. எனக்குப் புரிந்துவிட்டது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன். போனுக்கு உயிர் இல்லை. அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சந்திரிகா, இதைக் கழுவக் கூடாது. வா, நானும் வருகிறேன், நடந்ததைச் சொல்வோம்" என்றிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. செத்த போனை முதலாளி கையில் கொடுக்கும் ஆள் நானாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது.

"நீயே கொண்டுபோய்க் குடும்மா. உனக்கு நல்ல பேரு கிடைக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

முதலாளி பாலசுப்ரமணியனுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். தமிழ் பேசுகிற முதலாளி என்று பெண்களுக்கு ஒரு பெருமை உண்டு. நம் கஷ்டத்தை நம் பாஷையிலேயே சொல்லலாமே என்பார்கள். பத்து நிமிடத்தில் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். சந்திரிகா சுவரோரம் நின்றிருந்தாள். போன் மேசைமேல் கிடந்தது.

"ராத்திரி பூரா வீட்டுல இருந்து இந்த நம்பருக்கு அடிச்சுட்டே இருந்தேன். மணி போச்சு. ஆரும் எடுக்கல. காலைல ஆறரைக்குக் கட்டாயிருச்சு. ஆரும்மா கட் பண்ணுனது?"

"யாரும் கட் பண்ல சார். கழுவுனேன்."

"என்ன பண்ணுன?"

"கழுவுனேன் சார். எண்ணெயா இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டியா சின்னதுரை? போனைப் போயி ஆராச்சும் கழுவுவாங்களா?"

"எல்லாத்தையும் கழுவிதான் குடுக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் சந்திரிகா. குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள். "சச்சியா சொல்றேன் சார், நெஜமாவே டிராலியிலதான் இருந்துச்சு. நீங்களே மறந்து வெச்சிருப்பீங்க."

"நான் வெச்சத நீ பார்த்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. முந்தின நாள் அவள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நேத்து எடுத்துட்டுப் போயிருக்க. ராத்திரி மணி அடிக்கவும் பயந்துட்ட. காலைல கெடுத்துக் கொண்டாந்து, நல்லவளாட்டம் நீட்டுற."

"திருடி இருந்தா திருப்பி ஏன் சார் குடுக்கப் போறேன்?"

அவர் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுதுப்பா. தமிழ்லயே எழுது, அப்பறம் புரியலேன்னு சொல்லக் கூடாது. 'முதலாளியின் போனை நான் திருடினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையிலிருந்து விலகுகிறேன்.' கீழ அவ கையெழுத்து. சாட்சிக்கு அந்தச் செக்‌ஷன்ல ஒரு ஆள்."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. நான்கு பெண்களும் கான்டிராக்டர் பெயரில் வேலை பார்த்து நான்காவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று லேபர் ஆபீஸில் மனுக் கொடுத்திருந்தார்கள். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. மனுவில் முதல் கையெழுத்து சந்திரிகாவுடையது. முதல் கையெழுத்துப் போட்டவள் திருடி என்று அவளே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்ற மூன்று பேர் லேபர் ஆபீஸ் படியேற மாட்டார்கள். போன் கெட்டது அவருக்கு நஷ்டமே இல்லை. அவருக்கு அது அதிர்ஷ்டம்.

இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். 'திருடினேன்' என்ற சொல்லையும் அழகாகவே எழுதினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பேனா நிற்கவில்லை.

சந்திரிகா தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பள்ளியில் இந்தியும் மராத்தியும் படித்தவள். தமிழை வீட்டில் அப்பா சொல்லிக் கொடுத்த அளவுக்குத்தான் தெரியும். 'தி', 'ரு' என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் பொண்ணு ஸ்கூல்ல படிக்குது. அதை யாரும் திருடி மகள்னு சொல்லக் கூடாது."

ஜெபமணியக்காவைக் கூப்பிட்டார்கள். அலசச் சொன்னவர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றார்.

"இவ டிராலியில இருந்து போனை எடுத்தத நீ பாத்தியா?"

ஜெபமணியக்கா சந்திரிகாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வேலை போனால் மறுநாள் அடுப்பு எரியாத வீடு அவருடையது. முதலாளிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் கவனிக்கலீங்க" என்றார்.

சந்திரிகா அழுதது அப்போதுதான். அதுவரை அழவில்லை.

"கையெழுத்துப் போடற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நில்லு" என்றார் முதலாளி. "போட்டுட்டா போலீஸ் இல்ல. போடலைன்னா நாளைக்கு ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

கேட்டுக்கு வெளியே சாக்கடையை ஒட்டி ஒரு சிமெண்டுத் திட்டு உண்டு. அதில் போய் உட்கார்ந்தாள். என் மேசைக்கு முன்னால் இருக்கிற ஜன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது. ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்தேன். சாத்தவும் மனம் வரவில்லை, வெளியே போகவும் கால் வரவில்லை. உட்கார்ந்து, வருகை எழுதும் மஸ்டர் ரோலில் அவள் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. நான் கழுவும் இடத்துப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஜெபமணியக்கா டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மல்லிகா சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"எனக்கு எறங்காதுடி" என்றார் அக்கா. "நாந்தான அலசச் சொன்னேன். அவ அப்பவே ஓடப் பாத்தா. பிடிச்சு நிறுத்துனது நானு. அங்க போய் வாயில மண்ணப் போட்ட மாதிரி நின்னுட்டு வந்திருக்கேன். பாவி."

"தாயி, தும்ஹி எக்டியா நாஹி" என்றாள் வைஷாலி. அக்கா, நீங்கள் தனியாக இல்லை என்று அர்த்தம். பிறகு எங்களோடு பழகிக் கற்ற தமிழில் சொன்னாள்: "நானும் பார்த்தேன்ல? என்னை யாரும் கேக்கல. கேக்காட்டியும் நான் போய்ச் சொல்லியிருக்கணும்."

மூவரும் எழுந்தார்கள். கை கழுவக்கூட இல்லை. நேராக அறைக்குப் போனார்கள். நான் பின்னாலேயே போனேன்.

"நாந்தாங்க அலசச் சொன்னேன்" என்றார் ஜெபமணியக்கா. "காலைல பொய் சொல்லிட்டேன். டிராலியில இருந்து அவ எடுத்ததை மூணு பேரும் பாத்தோம்."

"ஓகோ. அப்ப நாலு பேரும் கூட்டா?"

"கூட்டுதான்" என்றாள் மல்லிகா. "திருடிட்டாள்னு எழுதணும்னா எங்க பேரையும் சேத்து எழுதுங்க. இல்லன்னா அவளை உள்ள கூப்பிடுங்க."

"மூணு மணிக்கு டெம்போ வருது. சரக்கு ஏறலேன்னா நீங்க நாலு பேரும் வீட்டுக்குத்தான். நாளைக்கே வேற ஆளு கொண்டாந்துருவேன், தெரியுமில்ல?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் வேலைக்கு ஏங்கி நிற்கிற கைகளுக்குப் பஞ்சமே இல்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் வீரம் ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. பயத்தோடேயே ஜெபமணியக்கா திரும்பி நடந்தார். மற்ற இருவரும் கூடவே போனார்கள். தொட்டிப் பக்கம் போகவில்லை, கேட்டுப் பக்கம் போனார்கள்.

"சின்னதுரை, அந்த லெட்டரை எடு" என்றார் முதலாளி.

என் டிராயரிலிருந்து எடுத்து வந்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினேன். போன் காலை ஆறே முக்காலுக்கு என் மேசைக்கு வந்தது, மண்ணெண்ணெய் வாசனை அடித்தது, கழுவியதால் கெட்டது என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், அது என் குற்றம். பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தமுறை கையெழுத்துக் கோணலாகத்தான் வந்தது.

"நீ நிரந்தர ஸ்டாஃப். யோசிச்சுக்கோ" என்றார் அவர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"காலைலதான் சார் யோசிச்சேன். அதான் இவ்வளவும் ஆச்சு."

சொல்லிவிட்டுத் தாளோடு வெளியே வந்தேன். மனைவியிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். லேத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு மணி ஷிப்டுக்கு வந்த லேத்துக்காரர் கோவிந்தராஜ் கேட்டில் சைக்கிளை நிறுத்தி, பெண்களிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போனா? சாரே வெச்சாரு! நேத்து சாயங்காலம் வெர்னியரால பீஸை அளக்க ரெண்டு கையும் வேணும்னு என் டிராலியில வெச்சாரு. அப்புறம் அவரு நகந்துட்டாரு. எடுத்திருப்பாருன்னு நெனச்சு நான் மேல பீஸைப் போட்டேன்" என்றார். பிறகு சைக்கிளை உள்ளே தள்ளவில்லை. மதில்மேல் சாய்த்தார். "இதை எங்க வந்து சொல்லணும்?"

மூன்று மணிக்கு ரஞ்சன்காவ் டெம்போ கழுவாத சரக்குக்கு முன்னால் வந்து நிற்கும். நாளைக்கு வேறு நான்கு பெண்கள் அந்தத் தொட்டிக்குள் கையை விடலாம். போலீஸ் வரலாம். செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தேதி தள்ளிப்போடலாம். ஒன்றும் எங்கள் கையில் இல்லை.

சந்திரிகா என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பின்பக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் காலைலயே தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லி இருக்கலாம்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஜெபமணியக்காவை இடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, சிமெண்டுத் திட்டில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "செவ்வாய்க்கிழமை ஆறு பேரும் என்ன சொல்லணும்னு பேசலாம். முதல்ல நீங்க சொல்லுங்க."