கண்ணாயிரம் வெட்டிய மரம்

கண்ணாயிரத்துக்கு அரைகுறை வேலை ஆகாது. வரப்பு கழித்தால் புல் ஒன்று மிஞ்சாது. மரவள்ளி பிடுங்கினால் மண்ணுக்குள் ஒரு துண்டு தங்காது. அந்த வருஷம் புரட்டாசியில் சாதிச் சங்கத்தார் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் ரோட்டின் குறுக்கே மரத்தைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் ஒரு பகல் முழுக்க நின்று, சின்னசேலம் ரோட்டில் ஓடைப் பாலத்தின் வாயில் புளியமரத்தைக் கிடத்தி, இண்டு இடுக்கெல்லாம் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்.

"எறும்பு போவட்டும், பாக்கலாம்" என்றார்.

அத்தனை கோபமும் மகள் செந்தமிழ்ச்செல்விக்காக. பிளஸ் டூவில் ஆயிரத்து எழுபத்தாறு, பள்ளிக்கூடத்திலேயே முதல். ஊரே டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அப்புறம் நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்து சேர்ந்தது. அதில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், மருத்துவக் கல்லூரிக் காத்திருப்போர் பட்டியலில் எங்கேயோ வால்மாட்டில் போய் நின்றது அவள் பெயர். இரண்டு வருஷம் கண் எரியப் படித்த படிப்பு, ஒரு காலைப்பொழுதின் பென்சில் வேலைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போகுமா? கண்ணாயிரத்துக்கு விளங்கவே இல்லை. மெட்ராஸ் பிள்ளைகள் அதற்கென்றே டியூஷன் போகிறார்களாம். நம் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தால் சீட்டு கைவிட்டுப் போயிருக்குமா என்று சங்க மேடையில் ஒருவர் கேட்டபோது, தன் மகளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று இவருக்குத் தோன்றியது. மறுநாளே கோடாலியைத் தீட்டினார்.

செல்வி மட்டும் அந்தத் தேர்வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறியலின் நாலாம் நாள் காலையில் தபால்காரர் சின்னக்கண்ணு சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"மூணு நாளா கள்ளக்குறிச்சி ஆபீசுலயே கெடந்துச்சிங்க. ரோடு பூரா மரம். எப்பிடி எடுத்தாருவேன்?" என்று நீளமான கவர் ஒன்றை நீட்டினார்.

செல்வி நின்றபடியே பிரித்துப் படித்தாள். யாரோ சேராமல் விட்டதில் ஓர் இடம் காலியாகி, அவள் முறை வந்திருந்தது. சேலத்துக் கல்லூரி. மறுநாள் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அவள் அம்மா ராஜாம்பாள் முதலில் சந்தோஷத்தில் அழுதாள். பிறகு ரோட்டை நினைத்து அழுதாள். "ஊருக்கெல்லாம் வழிய அடச்சீங்களே, இப்ப எம் பொண்ணு எப்பிடிங்க போவா?"

ரயில் மட்டும் ஓடுவதாகச் சின்னக்கண்ணு சொன்னார். சின்னசேலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சேலம் வண்டி. பன்னிரண்டு கிலோமீட்டர். தகரப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, அப்பாவும் மகளும் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் மரங்கள். நல்லவேளை, எல்லாம் மற்றவர்கள் வெட்டியவை. ஓரத்தில் சைக்கிள் நுழையச் சந்து இருந்தது. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. பாதி தூரம் போனதும் செல்வி மெல்லப் பேச்செடுத்தாள்.

"யப்பா, அந்தப் பரிச்சய நானே கெடுத்துக்கினேம்பா."

"இன்னாம்மா சொல்ற?"

"நாலு விடையில சரியானத மட்டும் கறுப்பாக்கினா போதும். எனக்கு மனசு வரல. ஸ்கூல்ல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க்கு போடுவாங்கல்ல? அதே மாதிரி ஃபார்முலா எழுதி, யூனிட் போட்டு, விடைக்குக் கீழ ரெண்டு கோடும் போட்டுக்கினு இருந்தேன். மணி அடிச்சப்போ பாதிக் கேள்வி அப்பிடியே கெடக்குது. நான் எழுதினத ஒருத்தரும் பாக்கக்கூட மாட்டாங்களாம்பா."

கண்ணாயிரம் சைக்கிளை நிறுத்தினார்.

"நாலு மாசமா இத்த மனசுல வச்சிக்கினா கெடந்த? உனுக்கு எடுத்துச் சொல்ல நம்ம பக்கத்துல ஒரு ஆளு இல்லாமப் போச்சே கண்ணு. முழுசாச் செஞ்சது ஒரு தப்பா?"

முந்தானையால் மகளின் முகத்தைத் துடைக்க ராஜாம்பாள் இல்லை. தோள் துண்டால் அவரே துடைத்துவிட்டார்.

ஓடைப் பாலம் வந்தது. ஸ்டேஷனுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். கீழே மார்பளவுத் தண்ணீர். பாலத்தின் வாயில் அவருடைய மரம். சந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பன் எழுந்து வந்தார்.

"இன்னாப்பா, எறும்பு வந்திருக்குதா?" என்று சிரித்தவர், விஷயம் தெரிந்ததும் சிரிப்பை விட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

மணி ஒன்றே கால். கையில் கோடாலி இல்லை. கண்ணாயிரம் வெறுங்கையால் முள்ளை இழுத்தார். உள்ளங்கையெல்லாம் ரத்தம். இழுக்க இழுக்க உள்ளே இன்னும் முள் இருந்தது. ஒரு வழியாக மகளை மரத்தின் மேல் ஏற்றினார். மேலே உட்கார்ந்து, அடுக்கடுக்காகத் திணித்திருந்த முள்ளைப் பார்த்த செல்வி, நாலு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"யப்பா! நீயும் ஒரு ஸ்டெப்பு வுடாமப் போட்டு வச்சிருக்கியே!"

அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சைக்கிளைப் பாலத்திலேயே விட்டுவிட்டு ஓடியதில் ரயில் கிடைத்தது. மறுநாள் ஒன்பதரைக்கே கல்லூரி வாசலில் நின்றார்கள். சான்றிதழைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்தொன்றைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகளை விடுதியில் விட்டுவிட்டு அவர் திரும்பியபோது மறியல் இன்னும் முடிந்திருக்கவில்லை. கொளஞ்சியப்பனிடம் சொல்லி ஒரு கோடாலியை வரவழைத்து, மரத்தின் நுனிப் பக்கம் வெட்ட ஆரம்பித்தார்.

"இன்னாப்பா, கட்சி மாறிட்டியா?"

"மறியலு நடக்கட்டும். லாரி போவ வேணாம். ஒரு சைக்கிளு, ஒரு பொட்டி, ஒரு பொண்ணு போனா போதும். இன்னும் யாரு வூட்டுக் கடுதாசி எங்க கெடக்குதோ?"

அந்த அளவுக்கு வெட்டியதும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்.