கூரை இல்லாத மாப்பிள்ளை வீடு

கதவைத் திறந்த ஜேசுரட்ணத்துக்கு முதலில் தெரிந்தது கிடுகுதான். ஆளைக் காணவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு மார்கழிக் குளிரில், டுசல்டோர்ஃபில், நாலாம் மாடியில், கூரை வேயப் பின்னிய ஒரு கட்டுத் தென்னங்கிடுகு தானாகப் படியேறி வந்து வாசலில் நின்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிற்காது?

கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரெயினில் வரும் தூரத்தில், ஊன்ட்றொப்பில் இருக்கும் யாகோப்பு. ஜேசுரட்ணத்துக்குப் பேசி முடித்திருக்கும் கொறற்றியின் தமையன்.

"வழி விடும் மச்சான். லிஃப்டுக்குள்ள கொள்ளேல்லை. அப்பா அனுப்பினவர், உம்மட வீட்டுக்கு."

"என்ர வீட்டுக்கோ?"

யாகோப்பு கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான். கண்டதும் ஜேசுரட்ணம் கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தான்.

அவன் அனுப்பிய படம்தான். ஆவணியில் பங்குக் கோவில் ஜெர்மன்காரர் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு குட்டித் தீவுக்குச் சுற்றுலா போனார்கள். புறப்படும் நேரத்தில் ஒரு கிழவி காலை முறித்துக்கொள்ள, அவளுடைய இடம் அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம் வைத்திருந்த ஜேசுரட்ணத்துக்குக் கிடைத்தது. தீவில் மரம் என்ற பேச்சே இல்லை. காற்றுத்தான். மாடுகள்கூட ஒரு பக்கம் சாய்ந்தே வளர்ந்திருந்தன. உயிரோடு இருக்கும் சனத்தை ஒரே வள்ளத்தில் ஏற்றிவிடலாம். செத்தவர்களுக்கோ நிலத்துக்கடியில் அறை அறையாகக் கல்வீடுகள். எங்கே தடக்கி விழுந்தாலும் யாரோ ஒருவருடைய கல்லறையில்தான் விழவேண்டும். கடற்கரையில் ஐயாயிரம் வருசத்துப் பழைய வீடு ஒன்று, கல் அலுமாரியும் கல் வாசலுமாய், கூரை மட்டும் இல்லாமல் நின்றது. அதன் வாசலில் அவனை நிறுத்தி ஒரு ஜெர்மன் கிழவர் படம் எடுத்தார்.

பிறகு மன்னாரிலிருந்து கொறற்றியின் தகப்பன் இராயப்பு, மாப்பிள்ளையின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டிருந்தார். நாலு கட்டில் போட்ட அறையைப் படமெடுக்க முடியாது. எல்லாரையும்போல யாருடையதோ ஒரு பென்ஸ் காரில் சாய்ந்து நிற்கலாம் என்றால், தெருமுனையில் நிற்கும் அந்த நீலக் காரில் சாய்ந்தபடி எத்தனையோ மாப்பிள்ளைமார் ஏற்கெனவே மன்னாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடலும் புல்லும் தெரிகிறதே, எடுப்பாக இருக்கும் என்று ஜேசுரட்ணம் தீவுப் படத்தை உறையில் போட்டான். எந்த இடம் என்று பின்புறத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை.

"அப்பா படத்தைப் பாத்திட்டுச் சோறு தின்னேல்லை," என்றான் யாகோப்பு. "ஜெர்மன்காரன் பெடியனைக் கூரையில்லாத வீட்டில விட்டிருக்கிறான் எண்டு ஒரே கவலை. பிறகு எழும்பிச் சொன்னார், சீதனமா வீடு குடுக்கிறது பொம்பிளைப் பகுதிதானே, வீட்டைக் கொண்டுபோக ஏலாது, கூரையாவது நாங்கள் போடுவம் எண்டு. கொழும்பால வந்த ஆளிட்டைக் குடுத்துவிட்டவர். விமான நிலையத்தில பொலிஸ் நாய் மணந்து பாத்திட்டு இதுக்கு மேலயே படுத்து நித்திரை. எழுப்ப மனமில்லாமல் எல்லாரும் சுத்தி நிண்டவங்கள். சரி, வீடு எங்க? வேய்ஞ்சு போட்டு நான் பின்னேர ரெயினுக்குப் போகவேணும்."

"அதுக்குக் கப்பல் எடுக்கவேணும்," என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். அறையில் மூத்தவரான யோசேப்பு அண்ணை.

வேறு வழியில்லாமல் ஜேசுரட்ணம் உள்ளதைச் சொன்னான். யாகோப்பு கிடுகுக் கட்டின்மேலேயே இருந்துவிட்டான்.

"ஐயாயிரம் வருசமோ?"

"ஓம்."

"அப்ப அது உம்மட வீடில்லை."

"ஆரின்ர வீடெண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது மச்சான்."

யாகோப்பு தலையில் கை வைத்தான். "கொறற்றிக்கு என்னெண்டு சொல்லுறது? வந்த சம்பந்தம் எல்லாம் அந்த நீலக் காரோட வந்தது. அவள் ஒண்டையும் ஏறெடுத்துப் பாக்கேல்லை. உம்மட படத்தைப் பாத்துத்தான் சொன்னவள், இந்தாள் உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறார், பொய்யில்லாத மனுசன், கட்டினால் இவரைத்தான் எண்டு."

கிடுகைக் கண்ட அதிர்ச்சியெல்லாம் ஒரு அதிர்ச்சியா என்று ஆகிவிட்டது ஜேசுரட்ணத்துக்கு.

"சொல்லாத தம்பி," என்றார் யோசேப்பு அண்ணை. "வந்து இறங்கினாப் பிறகு சொல்லு. திரும்பிப் போறது லேசில்லை."

விசாவுக்காகக் கொறற்றி கொழும்பில் உறவுக்காரி சாந்தா மாமி வீட்டில் நின்றாள். அங்கே போன் இருந்தது. யாகோப்பும் யோசேப்பு அண்ணையும் கிடுகைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்க, ஜேசுரட்ணம் தெருவிலிருந்த போன் கூண்டுக்குப் போனான். இரண்டு தரம் பிழையான எண்ணைச் சுழற்றி, மூன்றாம் தரம் அவளைப் பிடித்தான். சுகம் விசாரித்தால் துணிவு போய்விடும் என்று எடுத்த எடுப்பில் சொன்னான்.

"அது என்ர வீடில்லை."

"அப்ப ஆரின்ர?"

"செத்த ஆக்களின்ர. பாக்கப் போன இடம்."

கம்பிக்குள் கடல் இரைந்தது.

"நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"ஒரு அறையில, நாலு பேர். ஜன்னலைத் திறந்தால் கோழி பொரிக்கிற மணம்."

"அப்பா அனுப்பின கிடுகு?"

"என்ர கட்டிலுக்குக் கீழ, ஜன்னலடியில."

கொழும்பில் ஒரு காகம் கரைந்தது. கலியாணம் போய்விட்டது என்று ஜேசுரட்ணம் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதை எனக்குச் சொல்லாமலும் விட்டிருக்கலாம்."

"ஓம். யோசேப்பு அண்ணையும் அப்பிடித்தான் சொன்னவர்."

"அந்தாளோட சேராதேங்கோ," என்றாள் கொறற்றி. "கிடுகை நனைய விடாமல் வைச்சிருங்கோ. வாறன்."

கூண்டை விட்டு வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. ஜேசுரட்ணம் நாலு மாடியும் ஓடி ஏறினான். சுருட்டுப் பிடிக்கும்போது யோசேப்பு அண்ணை ஜன்னலைத் திறந்துதான் வைப்பார்.