கீழ்த்துண்டு மண்

யோகலிங்கம் அண்ணா முதுமாணிப் பட்டப்படிப்புக்கு இங்கிலாந்து போய் ஒரு வருடம் கழித்து எங்களிடம் கேட்ட முதல் பொருள் மண். எங்கள் வயலின் கீழ்த்துண்டில் கோடை வந்தால் உவர் வெள்ளையாய்ப் பூக்கும். நெல் முழங்காலுக்கு மேல் வளர மறுக்கும். அந்த மூலையில் அரையடி, ஒரு அடி, இரண்டு அடி ஆழத்தில் மண் எடுத்து மூன்று தகர ரின்களில் அடைத்து அனுப்பும்படி எழுதியிருந்தான். அந்த மண்ணுக்கு ஏன் அந்த நோய் என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சியாம்.

இது 1962இல். நாங்கள் வடமராட்சியை விட்டு இரணைமடு வாய்க்காலை நம்பிக் கிளிநொச்சிக்கு வந்து பத்து வருடமாகியிருந்தது. அப்பாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய என்னை மேலே படிக்க விடாமல் மறித்ததில் வீட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

அப்பா மேல்துண்டுக்குப் போய், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கறுத்த மண்ணாக அள்ளி வந்தார். மழை விட்ட வெயிலில் உலர்த்தினார். அரிதட்டால் அரித்துக் கல்லெல்லாம் பொறுக்கினார். கடைசியில் இரண்டு பிடி ஆட்டெருவும் கலந்தார். அண்ணா கேட்டது கீழ்த்துண்டு மண் அல்லவா என்றேன்.

"வெள்ளைக்காரன் பாக்கப்போற மண். ஒரு மரியாதை வேண்டாமே?" என்றார்.

எனக்கு அது புதிதில்லை. முந்தின கிழமைதான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தவராசாவின் தாய் மகனுக்காக என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தா. அன்று அம்மா என் முகத்தில் அப்பிய பவுடரில் பாதி இன்னும் தலையணையில் இருந்தது. அந்தக் கீழ்த்துண்டைத்தான் எனக்குச் சீதனமாகப் பேசியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த அம்மா வயலையும் நடந்து பார்த்தா, மாரியில். மாரியில் எல்லா வயலும் பச்சைதான். உது ஆகாத மண்ணென்று இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் பிறகு உன்னை ஆர் கட்டுவான் என்று அப்பா என்னையே கேட்டார்.

மண் கப்பலேறியது. மூன்று மாதத்தில் அண்ணாவின் கடிதம் வந்தது. மண்ணில் உவரே இல்லையாம். இந்த மண்ணில் நெல் சாகிறதென்றால் அது உன் தகப்பனின் பிழை என்று பேராசிரியர் சிரித்தாராம். புலமைப்பரிசில் முடிய எட்டு மாதம்தான் இருந்தது. மண்ணில் நோய் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, பட்டமும் இல்லை, வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். 'அப்பா, உண்மையைச் சொல்லுங்கள், அது கீழ்த்துண்டு மண்தானா?' என்று கேட்டிருந்தான்.

"ஓம், கீழ்த்துண்டுதான் எண்டு எழுது. தன்ரை மிசினை ஒருக்காப் பாக்கச் சொல்லு" என்றார் அப்பா.

எழுதினேன். ஆனால் தபாலில் போடவில்லை. அண்ணாமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்குக் கிடைக்காத படிப்பையும் சேர்த்துப் படிக்கிறவன், ஒரு ரின் மண்ணால் தோற்றுப்போவதா? அதை நினைக்க அதைவிடக் கோபம் வந்தது.

அப்பா பரந்தனுக்குப் போன நாளில் அலவாங்கை எடுத்துக்கொண்டு கீழ்த்துண்டுக்குப் போனேன். இரண்டு அடி தோண்ட ஒரு பகல் போயிற்று. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. அம்மா கைக்கு எண்ணெய் பூசிவிட்டுப் பார்சலுக்குச் சீலை தைத்துத் தந்தா. அப்பாவின் கடிதத்துக்குக் கீழே நான் எழுதினேன்: 'மேலே உள்ளது அப்பா சொன்னது. போன முறை வந்தது மேல்துண்டு மண், ஆட்டெருவும் சேர்த்தி. இப்போது வருவதுதான் கீழ்த்துண்டு. விமலேஸ்வரி.' என் கல்யாணத்தையும் சேர்த்தே பார்சல் கட்டுகிறேன் என்பது தெரிந்துதான் கட்டினேன்.

அண்ணா வந்தபிறகு கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவன் வரும் காலம் நெருங்க, நாள் குறிக்கத் தவராசாவும் தாயும் வந்தார்கள். அன்று பார்த்துத்தான் தபால்காரரும் வந்தார். சம்பந்திக்கு முன்னால் மகனின் கடிதம் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சத்தமாய் வாசி பிள்ளை என்றார்.

இரண்டாவது வரியிலேயே விஷயம் இருந்தது. தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் நாளைக்கு உண்மை வெளியே வரும்போது அந்த மனுசியோடு ஒரே குசினி அடுப்படியில் நிற்கப்போகிறவள் நான்தானே. வாசித்தேன்.

'அப்பா, நான் பாஸ். எங்கள் கீழ்த்துண்டைப் போல மோசமான மண்ணைத் தன் சீவியத்தில் கண்டதில்லை என்று பேராசிரியர் கைகொடுத்தார். அதில் நெல் விதைப்பது வீண் வேலை.'

தவராசாவின் தாய் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தா. சாதகத்தை இன்னொருக்கால் பார்க்கவேணும் என்று சொல்லி எழும்பினா. வாசல் படலையடியில் தவராசா ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் பார்க்காமலே போயிருக்கக்கூடாதா? குசினிக்குள் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது அப்பா கதிரையில் அப்படியே இருந்தார்.

"எப்ப கிண்டினனீ?"

"நீங்கள் பரந்தனுக்குப் போன அண்டைக்கு."

அவர் என் கைகளைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். கடிதத்தில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் அதற்கு மேல் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். இன்னும் மூன்று வருடம் வர முடியாதாம். தனக்காக விமலாவின் கல்யாணத்தைத் தள்ளவேண்டாமாம். ஒப்பிட்டுப் பார்க்க மேல்துண்டு மண்ணும் வேண்டுமாம், இந்த முறை எரு கலக்காமல், நான்கு அடி ஆழம்வரை, கெதியாய். மூன்று வருடமோ என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டா.

அப்பா சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. தாளை எடுத்து, கடிதத் தமிழும் பார்க்காமல் வாயில் வந்தபடி எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

"அண்ணா, மேல்துண்டு மண் வேணுமெண்டால் நீ வந்து கிண்டு."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"அப்பாவும் சொன்னவர் எண்டு கீழை போடு" என்றார்.